ஒரு பேணித் தண்ணீர்

படமெடுத்த பிலிம் சுருளை இலைதழையோடு மண்ணில் புதைத்து, மண் அரித்த கோலத்திலேயே அதைக் கழுவிப் படமாக்குவது வினோஜாவின் வேலை. தர்மபுரத்தில் குளத்தைப் படமெடுத்தவள், சுருளைப் புதைக்க, கூலிக்குப் பிடித்த மூக்கனின் வீட்டு வளவுக்குள்ளேயே ஒரு பள்ளத்தைக் காட்டினாள்.

"இஞ்ச மண் இளக்கமாக் கிடக்கு ஐயா. கிண்டுங்கோ."

அது ஷெல்லடிக்குப் பதுங்கியிருந்த பங்கர், இப்போது மூடுண்ட குழி. சண்டைக் காலத்தில், அதற்குள்ளிருந்து தாகமென்று அழுத பிள்ளைக்கும் மனைவி மீனம்மாவுக்கும் தண்ணீர் அள்ள மூக்கன் வாளியோடு கிணற்றுக்குப் போன நேரத்தில்தான் அது இடிந்து இருவரையும் மூடியது. அதை அவன் சொல்லவில்லை. அன்றைய கூலி அவனுக்கு வேண்டியிருந்தது.

ஒரு மாதம் கழித்து வினோஜா படத்தோடு வந்தாள். படத்தில், குளக்கட்டில் ஒருத்தி, மடியில் பிள்ளையோடு குந்தியிருந்து, தண்ணீர் குடிக்கும் பேணியை வெறுமையாக நீட்டிக்கொண்டிருந்தாள்.

"மண் கீறின கறையைப் பாருங்கோ. ஆள் மாதிரியே இருக்கு, என்ன? கொழும்பில கொத்திக்கொண்டு போவாங்கள்."

"ஓம் பிள்ளை. ஆள் மாதிரித்தான்."

அதே குளத்தை எடுத்த அடுத்த சுருளையும் அதே இடத்தில் புதைத்துவிட்டு அவள் போனதும், மூக்கன் கிணற்றில் ஒரு வாளி அள்ளிவந்து மெல்ல மெல்ல அங்கே ஊற்றினான். மண் அவ்வளவையும் உறிஞ்சியது.

அந்தப் படத்தைக் கொண்டுவந்தபோது வினோஜா முகத்தைச் சுளித்தாள்.

"ஒரு கறையும் விழேல்லை. ஆரோ விட்டிட்டுப் போன பேணி மட்டும் கிடக்கு. இது உதவாது, நீங்களே வைச்சிருங்கோ."

மூக்கன் வாங்கிப் பார்த்தான். பேணி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. குடித்து முடித்தால் மீனம்மா அப்படித்தான் வைப்பாள். குளக்கட்டில் அவனுக்காக ஒருவரும் காத்து நிற்கவில்லை.