ஐந்தரைக் கட்டை

"உங்க சுருதி எத்தனை கட்டை?"

அவனுக்குத் தெரியவில்லை.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா சுருதிப்பெட்டியை அவன் பக்கம் தள்ளி வைத்தார். பாட உட்காருகிற யாரிடமும் முதலில் கேட்கிற கேள்விதான். பெயர் கேட்பது மாதிரி.

பக்கத்து நாற்காலியில் அவனுக்கு மூன்று வருடம் பாட்டுச் சொல்லிக்கொடுத்த பேராச்சி மேடம். அவர் முகத்தைப் பார்த்தான். அவர் மேசையைப் பார்த்தார்.

பி.ஏ. இசை, கடைசி வருடம். ஆதார சுருதி என்றால் என்ன என்று எழுத்துத் தேர்வில் ஒரு பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன். ஒவ்வொரு குரலுக்கும் அதற்கென்று ஓர் உயரம் உண்டு, அங்கே நின்றுதான் பாட வேண்டும் என்று எழுதி, அடிக்கோடு வேறு போட்டிருந்தான்.

அந்த ஒவ்வொரு குரலில் தன் குரலும் சேர்த்தி என்று தோன்றவே இல்லை. மக்கு.

வகுப்பு முழுக்கப் பெண்கள். அவன் ஒருவன்தான் ஆண். மேடம் வந்ததும் பெட்டியை ஐந்தரைக் கட்டையில் வைப்பார். பெண் குரலுக்கான உயரம் அது. எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள். அவனும் பாடுவான். மேலே போனால் கீச்சென்று பொய்க்குரல். கீழே வந்தால் வெறும் காற்று.

கூட்டத்தோடு கோவிந்தா. யார் காதிலும் விழாது.

சுருதி என்பது மின்விசிறி போல வகுப்பறைக்குச் சொந்தமானது என்றே அவன் நினைத்திருந்தான்.

போன செமஸ்டரில் இதே தேர்வு. தனியாகப் பாட வேண்டும். பெட்டி ஐந்தரையில் இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அதிலேயே தொடங்கினான். உச்சியில் குரல் உடைந்தது.

பெயில்.

அப்பா துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். அன்றைக்கு அவர் சத்தம் போடவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்.

"இன்னொரு மட்டம் எழுது. அதுலயும் போச்சுன்னா பேசாம ஏலத்துக்கு வந்துருல."

அவனுக்கு அந்த இடம் ஆகாது. நாற்றம்கூடப் பரவாயில்லை. சத்தம்தான். அப்பா வாயைத் திறந்தால் படகில் நிற்பவனுக்கும் கேட்கும்.

அப்பாவின் போனை அவன் எடுத்து ஹலோ என்றால் போதும். "அண்ணாச்சி, சீலா என்ன விலை போச்சு?" என்பார்கள். பிள்ளை பேசுகிறேன் என்று எத்தனை முறை சொல்வது. அதனாலேயே மெலிதாகப் பேசப் பழகியிருந்தான்.

இப்போது, ஐந்தரை என்று சொல்ல வாயெடுத்தான்.

சொல்லவில்லை. ஐந்தரை என்றால் மறுபடியும் உடையும். வேறு எண் சொல்லலாம். எந்த எண்?

பயமாக இருந்தது.

"தெரியல மேடம்."

பேராச்சி மேடம் இன்னும் குனிந்துகொண்டார்.

தேர்வாளர் சிரிக்கவில்லை. "அப்ப திருகிப் பாருங்க. எங்க உங்களுக்கு நிக்குதோ, அங்க நிறுத்துங்க."

திருகினான். பெட்டியின் ரீங்காரம் இறங்கியது.

ஐந்து. ஸா என்றான். அதே கீச்சு.

நான்கு. யாருடைய குரலோ.

மூன்று. இதுவா? இதுவாக இருக்கலாம். இல்லை.

இரண்டு. போதும் என்று சொல்லிவிடுவார்களோ?

ஒன்றரை.

ஸா.

நின்றது.

நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான். அங்கே அதிர்ந்தது. மேலே போனான். உச்சி ஸாவைத் தொட்டான். உடையவில்லை. கீழே வந்தான். காற்று இல்லை, குரல் இருந்தது.

வராந்தாவில் காத்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். சன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. உள்ளே இன்னொருவர் பாடுவதாக நினைத்திருப்பார்கள்.

அவனுக்கே அப்படித்தான் இருந்தது.

இந்தக் குரலை அவனுக்குத் தெரியும். விளமீன் ஒரு கூடை என்று ஆரம்பிக்கிற குரல். அதே கனம். அடியில் அதே கரகரப்பு. இதற்குப் பயந்துதானே பாட்டுப் படிக்க வந்தான்?

நன்றாக வேறு இருந்தது. அதுதான் அவனுக்குப் புரியவில்லை.

"வீட்டுல யாராச்சும் பாடுவாங்களா?" என்று கேட்டார் தேர்வாளர்.

"இல்ல மேடம்."

கொஞ்சம் யோசித்தான்.

"அப்பா ஏலம் விடுவாங்க."

பேராச்சி மேடம் நிமிர்ந்தார். மூன்று வருடமாகப் பார்க்காத ஒருவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

தேர்வாளர் பேனாவைத் திறந்தார்.

"அப்ப ஒன்றரைன்னு எழுதிக்கட்டுமா?"

அவன் விரல்கள் இன்னும் திருகியின் மேல்தான் இருந்தன. கொஞ்சம் மேலே திருப்பினால் போதும், குரலிலிருந்து அப்பா போய்விடுவார். பாட்டும் போய்விடும்.

பெட்டி ஒரே சுருதியில் ஒலித்துக்கொண்டிருந்தது.

கையை எடுத்தான்.

"எழுதிக்கோங்க மேடம்," என்றான்.

மெலிதாகச் சொல்ல மறந்திருந்தான்.