எங்கள் கூடத்துத் தரை

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான், என் மனைவி, செவ்வாய்க் கிரகத்து எரிமலைகளைப் படங்களிலிருந்து அளக்கும் எங்கள் மகள், அவளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் அப்பா, அவர் கையோடு கூட்டிவந்த கொத்தனார்.

போன முறை வந்தபோது மாப்பிள்ளையின் அப்பா தவறவிட்ட பேனா சுவர்வரை உருண்டுபோயிருந்தது. "அஸ்திவாரம் இறங்குற வீட்டுல சம்பந்தம் வேணாம்னு எங்க வீட்டுல சொல்றாங்க" என்றார். என் பாட்டனார் கட்டிய வீடு அது.

கொத்தனார் தரையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். "விரிசலே இல்லைங்க. நடுவுல மேடு, நாலு பக்கமும் இறக்கம்." தெருமுனைவரை போய் வைத்தார். அங்கும் தரை எங்கள் கூடத்திலிருந்து விலகித்தான் இறங்கியது.

"செவ்வாயில இருக்கிற பெரிய எரிமலையும் இப்படித்தான் மாமா" என்றாள் மகள். "அவ்வளவு அகலம். மேல நிக்கிறவனுக்கு மலைன்னே தெரியாது."

"தரையும் கதகதன்னு இருக்கு, குளிருக்கு நல்லது" என்றாள் என் மனைவி.

மாப்பிள்ளையின் அப்பா தரையில் உட்கார்ந்து காலை நீட்டினார். "ஆமா சம்பந்தி, முட்டிவலிக்கு இதமா இருக்கு."

நாள் குறித்தாகிவிட்டது. எங்கள் வீடு மண்ணுக்குள் இறங்குகிறது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. நாங்கள் உச்சியில் இருக்கிறோம். இறக்கத்தில் இருப்பவை அவர்களுடைய வீடுகள்.