மடங்காத கேஸ்கெட்

மடிப்பு இருக்கிறதா என்று பார்த்தான்.

இல்லை.

கேஸ்கெட்டை ஷெட் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துப் பிடித்தான். மெல்லிய இரும்புத் தகடு. எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் எண்ணெய் கசியாமல் அடைத்துக் கிடக்க வேண்டியது. நகம் பட்ட அளவுக்கு நெளிந்திருந்தால்கூட வெளிச்சம் காட்டிக் கொடுத்துவிடும்.

காட்டவில்லை.

இன்னொரு முறை திருப்பினான். எங்காவது ஒரு மடிப்பு இருந்து தொலையக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது.

ஷெட்டில் நின்ற டர்போ வைத்த பழைய காருக்கு, இரண்டு கேம் ஷாஃப்ட் ஓடுகிற வேறு வண்டியின் ட்வின் கேம் ஹெட்டை மாட்டிப் பார்க்க வேண்டும் என்பது தம்பி மதிவாணனின் ஆசை. உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் இரண்டு வருடம் அலைந்து ஹெட்டைப் பிடித்து வந்ததும் அவன்தான். வைத்துப் பார்த்தால் எண்ணெய் போகிற துளைகள் இரண்டு இடத்தில் பொருந்தவில்லை. அதற்கென்றே கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் சொல்லி ஒரு கேஸ்கெட் செய்தார்கள்.

ஒன்றே ஒன்று.

போன வருடம் வேறொரு வண்டிக்கு வாங்கிய கேஸ்கெட்டை மதிவாணன் பைக் டேங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் சொருகி எடுத்து வந்தான். ஓரத்தில் மடங்கிவிட்டது. எல்லோரும் பார்க்க அதை அவன் காலடியில் வீசியெறிந்தான் அண்ணன்காரன். என்னவெல்லாம் பேசினான் என்பது நினைவில் இல்லை. தம்பி இரண்டு நாள் தன்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை என்பது நினைவிருக்கிறது.

அதனால் இந்த முறை போனிலேயே சொல்லி வைத்தான்.

"மடிச்சுக் கிடிச்சுக் கொண்டாந்தீன்னா ஷெட்டுப் பக்கமே வந்துறாத."

வரவில்லை.

சத்தி ரோட்டில் தம்பியின் பைக்குக்குக் குறுக்கே ஒரு நாய் ஓடியிருக்கிறது. டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை நெஞ்சில். சட்டைக்குள் இரண்டு அட்டைக்கு நடுவில் கேஸ்கெட். விழுந்தபோதும் அந்தக் கையை எடுக்கவில்லை என்றார். கையை ஊன்றியிருந்தால் என்று ஆரம்பித்தவர், இவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஊன்றியிருந்தால் தகடு மடங்கியிருக்கும்.

போனில் சொன்னதை இவன் யாரிடமும் சொல்லவில்லை. தம்பியின் காரியம் முடிந்த அன்று சொல்லிவிடலாம் என்று நினைத்தான். வாய் வரவில்லை. கோழை என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டதோடு சரி.

இன்று காலை தம்பி மனைவி கிருத்திகா வந்தாள். போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த பையை மேசைமேல் வைத்தாள். கைக்கடிகாரத்தையும் பர்ஸையும் தன் பக்கம் எடுத்துக்கொண்டு அந்த அட்டைகளை மட்டும் இவன் பக்கம் நகர்த்தினாள்.

"இதப் போட்டு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்க மாமா. அந்தச் சத்தத்தக் கேக்கோணும், கேக்கோணும்னே இருந்தாருங்க."

"செரி கண்ணு" என்றான்.

பிளாக்கின் முகத்தைத் தின்னர் போட்டுத் துடைத்தான். கேஸ்கெட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் வைத்தான். துளைக்குத் துளை சரியாக உட்கார்ந்தது. அதன்மேல் ஹெட்டை இறக்கினான். நடுவிலிருந்து ஓரத்துக்கு, பத்து போல்ட், மூன்று சுற்று. ஒவ்வொரு போல்ட்டுக்கும் இறுக்கம் போதும் என்று ரெஞ்ச் ஒரு சொடுக்குப் போட்டது. இரண்டு கேம் ஷாஃப்டுகளையும் குறிக்கு நேராக நிறுத்தி பெல்ட்டை மாட்டினான். கேரியரில் சோறு ஆறிப்போனது. கிருத்திகா ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

மூன்று மணிக்குச் சாவியைத் திருப்பினான்.

இரண்டு முறை இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாகச் சீராகியது. மெல்ல ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தான். டர்போவின் விசில் எழுந்து கூரைத் தகரத்தைத் தொட்டது. கிருத்திகா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

முதன்முதலாக ஸ்டார்ட் செய்த எஞ்சினுக்கு அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஹெட்டும் பிளாக்கும் சேருகிற கோட்டை வெள்ளைத் துணியால் ஒரு சுற்றுத் துடைக்க வேண்டும். அது மதிவாணனின் வேலை. துணி வெள்ளையாக வந்தால் அண்ணன் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டுவான்.

இன்று துணியை இவன் எடுத்தான்.

ஒரு சொட்டு எண்ணெய். ஒரே ஒரு சொட்டு கசிந்திருந்தால் போதும். என்னடா கொண்டாந்திருக்கே என்று கத்தலாம். கத்துவதற்குத் தம்பி எதிரில் நிற்பதுபோல் ஒரு நொடியாவது இருக்கும்.

முன்பக்கம் துடைத்தான். பின்பக்கம் கையை விட்டுத் துடைத்தான். விரல் சுட்டது. மறுபடியும் துடைத்தான்.

துணி வெள்ளையாக இருந்தது.

எஞ்சினை நிறுத்தினான். ஷெட் அமைதியானது. கிருத்திகா துணியைப் பார்த்தாள். பிறகு, இத்தனை நாளில் முதல் முறையாகச் சிரித்தாள்.

"கெளம்பறப்ப எனக்குப் போன் பண்ணாருங்க மாமா. 'இன்னைக்கு அண்ணன்கிட்டத் திட்டு வாங்க மாட்டேன் பாரு'ன்னாரு."

இவன் துணியை மடிக்கப் போனான்.

பாதியில் கை நின்றது. மடிக்காமல், இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி நின்றான்.