நாலு மணி நேரத் தூரம்

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு மூவாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரம் என்று முன்சீட்டுத் திரை காட்டியது. அந்தத் தூரத்தைக் கடந்து வர சேவுகனுக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு வருடம் ஆகும். பதினாறு வருடத்தில் எட்டு முறை வந்தான். இப்போது அதே விமானத்தின் அடியில், சரக்கு வைக்கும் இடத்தில், மூடிய பெட்டிக்குள் வந்துகொண்டிருந்தான். கையெழுத்துப் போட்டு உடலை வாங்கப் போயிருந்த அவன் மனைவி இளஞ்சியம் மேலே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஒன்றாக விமானம் ஏறியது இதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரத்தில் அவள் குனிந்து செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“கால் வீங்குதாம்மா?” என்று பக்கத்து சீட்டுப் பெரியவர் கேட்டார்.

“இல்லங்கய்யா. கீழ எங்க வீட்டுக்காரவுக பெட்டியில வர்றாக. அவுக தலைக்கு மேல செருப்புக் காலோட எப்புடி...”

பெரியவர் தரையைப் பார்த்தார்.

திருச்சியில் இறங்கியதும் அண்ணன் தம்பிகள் அவனைத் தூக்கிக்கொள்வார்கள். அவளைப் பிடித்து உட்காரவைக்கப் பெண்கள் காத்திருப்பார்கள். அதுவரைக்கும் அவன் அவளுக்கு மட்டும்தான். வெறுங்காலைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டாள். சில்லென்றிருந்தது.

காற்று சாதகமாக இருப்பதால் இருபது நிமிடம் முன்னதாகவே தரையிறங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. சுற்றிலும் சந்தோஷக் குரல்கள் எழுந்தன. ஆஸ்பத்திரியில்கூட அழாத இளஞ்சியம் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.