பத்து நிமிடத்துக்கு ஒருமுறை

நிறுத்திய புரோகிராம் ஏழாவது தடவையாக எழுந்து உட்கார்ந்ததும், வக்கீலான மகள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

மணி மூன்றேகால்.

அறை வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் மகள் எரிந்து விழுவாள் என்று தெரியும். நேற்றே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"நீ கம்ப்யூட்டர் கம்பெனில வேலை பாக்கறேன்னு இதுல வந்து கை வைக்காதம்மா. வாக்கு குடுத்தது நான், நானே பாத்துக்கறேன்."

பிடிவாதத்தில் தாயும் மகளும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

விஷயம் இதுதான். நான்கு மணிக்கு ஒரு பெண் வருகிறாள். அடித்து உதைத்த புருஷனிடமிருந்து தப்பி ஓடி வந்தவள். ஒளிந்திருந்த இடத்தை அவன் இரண்டு முறை அவள் போனை வைத்தே கண்டுபிடித்துவிட்டான். அன்றிலிருந்து பேசுகிற கருவி எதையும் அவள் நம்புவதில்லை. இன்று வீடியோவில் விசாரணை. இந்த முன்னறையில் உட்கார்ந்துதான் அவள் நீதிபதியிடம் பேச வேண்டும். வரச் சம்மதிக்கும் முன் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அக்கா, நான் அங்க வந்திருக்கேன்னு உங்க வீட்டு ரௌட்டர் யாருக்காச்சும் சொல்லுமா?"

சொல்லாது என்று மகள் வாக்குக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் திறந்து பார்த்தாள். சொல்கிறது.

ரௌட்டரோடு கூடவே வந்த பாதுகாப்பு மென்பொருள் அது. வீட்டைக் காப்பாற்றும் என்று பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அதுவோ எந்த போன் உள்ளே வந்தது, எந்தப் பக்கத்தைப் பார்த்தது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எங்கேயோ இருக்கிற சர்வரிடம் போய் ஒப்பித்துவிட்டு வந்தது. செட்டிங்கில் அணைத்தால் அணைந்த மாதிரி நடித்தது. நல்ல காவல்தான் போங்கள்!

வேறு ரௌட்டர் கேட்டதற்கு, லைன் கொடுத்தவர்கள் பத்து நாள் ஆகும் என்று கையை விரித்துவிட்டார்கள்.

சட்டம் படித்தவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? தெரியாதுதான். நான்கு நாளாகச் சோறு தண்ணி மறந்து படித்தாள். கட்டளைகளைத் தட்டுகிற கறுப்புத் திரை வழியாக ரௌட்டருக்குள் நுழையக் கற்றுக்கொண்டாள். புரோகிராமை நிறுத்தினாள், ஒரு நிமிடத்தில் எழுந்தது. அழித்தே போட்டாள், மறுபடி முளைத்தது. உள்ளே இன்னொரு புரோகிராம் காவல்காரன் மாதிரி உட்கார்ந்துகொண்டு, இது விழ விழத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தது.

அம்மா ஒரே துண்டை மூன்றாவது தடவையாக மடித்தாள்.

மூன்றரை வரை பொறுப்பது, அதற்குள் முடியாவிட்டால் மகள் என்ன நினைத்தாலும் சரி, வாயைத் திறந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். அதற்காகவே ஆபீஸுக்குத் தலைவலி என்று சொல்லி லீவு போட்டிருந்தாள். வார்த்தை தொண்டை வரை வந்து வந்து போனது.

மூன்று இருபத்தைந்துக்கு மகள் மெதுவாக உட்கார்ந்தாள். தனக்குத்தானே முணுமுணுத்தாள். புரோகிராம் விழுந்து கிடக்கிறதா என்று மட்டும்தானே காவல்காரன் பார்க்கிறான், வெளியே பேசுகிறதா என்று பார்ப்பதே இல்லையே.

அம்மாவின் கை அப்படியே நின்றது.

இந்தத் தடவை மகள் அந்தப் புரோகிராமைத் தொடவே இல்லை. அது பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டாள். ரௌட்டரிலிருந்து அந்த சர்வருக்குப் போகிற வழியை மட்டும் அடைத்தாள். மின்சாரம் போய் வந்தாலும் வழி தானாக அடைபடும்படி எழுதி வைத்தாள். ரௌட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டாள்.

பத்து நிமிடம் போனது. அது கத்திப் பார்த்தது, ஒரு வரிகூட வெளியே போகவில்லை. இன்னொரு பத்து நிமிடம். ஊஹூம். காவல்காரனோ ஆள் நிற்கிறான் என்று நிம்மதியாக இருந்தான்.

நான்கு மணிக்கு அந்தப் பெண் வந்தாள். மகள் திரையைக் காட்டி ஒவ்வொன்றாக விளக்கினாள். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் போனை எடுத்து இணைத்தாள். அறைக் கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் நடுங்காத குரலில் அவள் பேசுவது வெளியே கேட்டது.

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, உள்ளே இருப்பது என் பெண் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

அந்தக் காவல்காரனை எழுதியவள் அம்மாதான். எட்டு வருடத்துக்கு முன்னால், கம்பெனியின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து எழுதினாள். இதை மடக்க இனிமேல் ஒருத்தர் பிறந்துதான் வர வேண்டும் என்று மேலாளர் எல்லார் முன்னாலும் கை தட்டினார்.

பிறந்து இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது, அதுவும் தன் வயிற்றிலேயே என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

மகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுவாள். கிழி கிழியென்று கிழிப்பாள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆபீஸில் போய்ப் பெருமையடித்துக்கொள்ள முடியாதே என்பது ஒன்றுதான் அவளுக்குக் குறை. வாயைத் திறந்தால், மகள் கண்டுபிடித்த அந்த ஓட்டையை அடைக்கிற வேலை நாளைக்கே அவள் தலையில்தான் விழும்.