எரியாத துணுக்கு

மின்மயானத்தில் என் வேலை, சாம்பலிலிருந்து சிரிப்பைப் பொறுக்குவது. இந்தக் காலத்துப் பல் பூச்சு எரிந்து தொலைவதில்லை. எலும்பெல்லாம் பொடியான பிறகும் தட்டில் ஒரு வரிசை வெள்ளையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். பால் தெளிக்க வருகிற வீட்டார் பார்த்தால் அலறிவிடுவார்கள். அதனால் முன்பே பொறுக்கி வாளியில் போட்டுவிடுவேன்.

இன்று ஒரு தட்டில் ஒரே ஒரு துணுக்குதான் கிடந்தது, அரிசி நொய் அளவுக்கு. எடுப்பதற்குள் இறந்தவரின் மனைவி வந்து நின்றுவிட்டார்.

“என்னப்பா அது?”

“பல்லுல வச்சு ஒட்டினதும்மா. வேகாது. நீங்க சாம்பலை எடுத்துக்குங்க.”

அவர் கேட்காமல் அதை எடுத்து உள்ளங்கையில் புரட்டினார்.

“சோடா மூடியைக் கடிச்சுத் திறக்கப்போயி முன்பல்லு ஓரத்தை உடைச்சுக்கிட்டாரு. பொண்ணு கல்யாண போட்டோவுல அசிங்கமா இருக்கும்னு நான்தான் இழுத்துட்டுப் போயி ஒட்ட வச்சேன்.”

அடுத்த தட்டு காத்திருந்தது.

“அவருகிட்ட இருந்ததெல்லாம் போயிருச்சு. இல்லாத துண்டு மட்டும் நிக்குது பாரு.”

வழக்கம்போல வாளியை நீட்டினேன். அவர் கையை மூடிக்கொண்டார்.