மூன்றாவது விக்

மின்மினி திரையில் மட்டுமே இருக்கும் பொம்மைப் பெண். நான்கு வருடங்களாக அவளுக்குக் குரலும் அசைவும் ஜெசிந்தாவுடையவை. இதை யாரிடமும் சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இப்போது ரசிகர்களோடு நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு மாடலை அமர்த்தியிருந்தார்கள். விக்கைத் தேர்ந்தெடுப்பது மட்டும் ஜெசிந்தாவின் வேலை. ஒவ்வொன்றையும் தன் தலையில் மாட்டிக்கொண்டு கேமரா முன் உட்கார்ந்தாள். முதல் விக் ஃபிளாஷ் பட்டதும் வெள்ளையாக மினுங்கியது. இரண்டாவதன் முன்முடி கண்களை நிழலில் மறைத்தது. மூன்றாவதில் கொஞ்சம் பவுடர் தட்டியதும் போட்டோகிராபர், “அப்படியே மின்மினிதாங்க” என்றார். மேனேஜர் அந்தப் படத்தை அழிக்கச் சொன்னார். மாடலின் தலையில் அந்த விக் லூசாக இருந்தது. ஜெசிந்தாவே நான்கு கிளிப் போட்டு இறுக்கினாள். மிச்ச இரண்டு விக்குகளோடு ஹாலைக் கடக்கும்போது, வரிசையில் நின்ற ஒரு பள்ளிக்கூடப் பெண்ணிடம், “கொஞ்சம் வழி விடும்மா” என்றாள். ஜெசிந்தாவிடம் இருப்பது ஒரே குரல்தான். அந்தப் பெண் சட்டென்று திரும்பினாள். மேனேஜரும் திரும்பினார். “அக்கா, நீங்களும் மின்மினி மாதிரி பேசுவீங்களா?” என்று கேட்டாள் அந்தப் பெண். “கிட்டத்தட்ட வந்துடுச்சுக்கா. அவங்க வீடியோவ தினமும் கேளுங்க, பழகிடும்.” ஜெசிந்தா வாயைத் திறக்காமல், தலையை இடப்பக்கம் சாய்த்து ஆட்டினாள். “தலையாட்டுறது மட்டும் சரியா இருக்குக்கா” என்றாள் அவள்.